ஹைட்ராலிக் ஸ்டியரிங் வாங்குமுன் பின்பலகையை அளந்து பாருங்கள்

போர்ட் பிளேர் ஜங்லிகாட்டில் அவுட்போர்டு இன்ஜின் வேலை பார்க்கிறேன். தூண்டில் போட வருகிறவர்களை ஏற்றிச் செல்லும் போட்டுகள்தான் பெரும்பாலும் என் கைக்கு வரும். அக்டோபரில் சீசன் தொடங்கினால் ஒரே புகார்: "அண்ணே, வீல் அசைய மாட்டேங்குது." மழைக்காலம் முழுக்கச் சும்மா கிடந்த போட்டில், வீலிலிருந்து இன்ஜினைத் திருப்பும் கேபிளின் தண்டு, இன்ஜினின் டில்ட் டியூபுக்குள் (இன்ஜினைத் தூக்கும்போது அது சாயும் அச்சுக் குழாய்) உப்புப் பிடித்து இறுகியிருக்கும். தட்டிக் கழற்றி, கிரீஸ் வைத்துக் கொடுப்பேன். அடுத்த வருஷம் அதே போட், அதே புகார். அப்புறம்தான் "ஹைட்ராலிக் போட்டுடலாமா" என்ற பேச்சு வரும். அதில் கேபிள் கிடையாது: வீலைச் சுற்றினால் அதன் பின்னால் உள்ள பம்பு ஹோஸ் வழியாக ஆயிலைத் தள்ளும், இன்ஜினில் மாட்டிய சிலிண்டர் இன்ஜினைத் திருப்பும்.

எல்லோருக்கும் அது தேவையில்லை. 40, 60 எச்.பி. ஒற்றை இன்ஜின் என்றால் நல்ல கேபிளே போதும். மிச்சப் பணத்துக்கு ஒரு நல்ல ஆங்கர் வாங்கிக்கொள்ளுங்கள். 115க்கு மேல் போனால் நான் யோசிக்காமல் ஹைட்ராலிக் என்பேன். புரொப்பெல்லர் சுழலும் வேகத்தில் இன்ஜின் ஒரு பக்கமாகவே இழுக்கும். கேபிளில் அந்த இழுப்பு கைக்கு வரும், மூன்று மணி நேரம் ஓட்டினால் தோள் கழன்றுவிடும். ஹைட்ராலிக்கில் பம்புக்குள் இருக்கும் வால்வு அதை அங்கேயே தடுத்துவிடும். வீல் வைத்த இடத்தில் நிற்கும்.

வாங்கும்போது எல்லோரும் வீல் பக்கத்திலிருந்து தொடங்குகிறார்கள். நீங்கள் பின்னாலிருந்து, இன்ஜின் மாட்டும் பின்பலகையிலிருந்து வாருங்கள். முதலில் எச்.பி. இன்று மாட்டியிருக்கும் இன்ஜினைப் பார்க்காதீர்கள். போட்டில் அதிகபட்சம் எவ்வளவு மாட்டலாம் என்று கட்டியவர் சொல்லியிருக்கிறாரோ, அந்தக் கணக்கில் எடுங்கள். டொமெட்டிக் கம்பெனியின் (முன்பு சீஸ்டார்) பேஸ்டார் செட் 150 எச்.பி. வரைதான். 150 போட்டுவிட்டு அடுத்த வருஷம் 200க்கு மாறினால் செட்டையும் மாற்ற வேண்டும். இரட்டை இன்ஜின் என்றால் இரண்டையும் இணைக்கும் டை பார் தனி. ஒரு சிலிண்டரா, இரண்டா என்பதை இன்ஜின் மாடலைச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள்.

அடுத்தது இடம். இங்கேதான் நான் ஒருமுறை சூடுபட்டேன். 24 அடி போட், 150 எச்.பி., முன்பக்கம் மாட்டும் சிலிண்டர். இந்த வகையில் தண்டு அசையாது, சிலிண்டரின் உடம்புதான் அதன்மேல் இடமும் வலமும் ஓடும்; ஹோஸும் கூடவே போகும். இன்ஜின் இறங்கியிருக்கும்போது எல்லாம் அழகாக இருந்தது. மறுநாள் ஓனர் பவளப்பாறைத் திட்டில் தண்ணீர் வற்றும் நேரத்தில் இன்ஜினை முழுசாகத் தூக்கியிருக்கிறார். சிலிண்டர் முன்னால் சாய்ந்து, பின்பலகைக்கு முன்னுள்ள தொட்டியின் சுவரில் ஹோஸ் முனை இடித்து, ஃபைபரில் விரல் நீளத்துக்கு வெடிப்பு. தப்பு என்னுடையது. அன்றிலிருந்து, வாங்குவதற்கு முன்பே தொட்டியின் முன்பின் அளவை டேப் வைத்து எடுத்து, செட்டோடு வரும் படத்தில் உள்ள அளவோடு ஒப்பிடுகிறேன். இடம் பற்றவில்லையா? பக்கவாட்டில் மாட்டும் சிலிண்டர் இருக்கிறது, அதைப் பாருங்கள்.

இப்போது பம்புக்கு வாருங்கள். கணக்கு எளிது: சிலிண்டரின் கொள்ளளவைப் பம்பு ஒரு சுற்றுக்குத் தள்ளும் அளவால் வகுங்கள். சிலிண்டர் 130 சிசி, பம்பு 28 சிசி என்றால் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு வீலை 4.6 சுற்று சுற்ற வேண்டும். 39 சிசி பம்பு போட்டால் 3.3 சுற்று போதும், ஆனால் வீல் கனக்கும். பாரன் தீவு வரை நேராக ஓடுகிறவருக்குச் சின்னப் பம்பு சுகம். பாறை ஓரம் அலை உடையும் இடத்தில் நின்று பெரிய பாரை மீனுக்குப் பாப்பர் (தண்ணீர் மேல் மிதக்கும் பொய் இரை) வீசுகிறவருக்கு அந்தச் சுகம் ஆகாது. ஒரு கை திராட்டிலில் இருக்கும், மறு கையால் சட்டென்று திருப்பியாக வேண்டும். நான் என்றால் பெரிய பம்பு வாங்கி, வீலையும் கொஞ்சம் அகலமாகப் போடுவேன். வீல் அகலமானால் கனம் குறையும்.

ஹோஸுக்குக் கயிறு எடுங்கள். வீலிலிருந்து சிலிண்டர் வரை ஹோஸ் போகும் வழியிலேயே கயிற்றை ஓட்டி, பின்னால் இன்ஜின் திரும்ப ஒரு பெரிய வளைவு விட்டு அளக்க வேண்டும். முனை அழுத்தி வரும் ரப்பர் ஹோஸை வெட்டிச் சுருக்க முடியாது. கூடினால் சுருட்டி வைக்கலாம், குறைந்தால் ஒன்றும் செய்ய முடியாது.

ஆயில் அந்த ஸ்டியரிங்குக்கென்று விற்பதையே ஊற்றுங்கள். பிரேக் ஆயில் சீலைத் தின்றுவிடும். ஒற்றை ஸ்டேஷன் (ஒரே வீல்) செட்டுக்கு ஒரு லிட்டர் பாட்டில் இரண்டு வாங்கி வைத்தால், ஆயில் ஊற்றி உள்ளிருக்கும் காற்றை வெளியே எடுக்கும்போது நடுவில் தவிக்க வேண்டாம். அந்த வேலைக்கு இரண்டு பேர் வேண்டும்: ஒருவர் வீலில், ஒருவர் சிலிண்டர் நிப்பிளில். முடிந்ததும் கடைசி வரை திருப்பி அழுத்திப் பாருங்கள். சுவரில் முட்டியதுபோல் நின்றால் சரி. ரப்பரை அமுக்குவதுபோல் இன்னும் கொஞ்சம் போனால் உள்ளே காற்று இருக்கிறது, மறுபடி ஆரம்பியுங்கள்.

கடைசியாக, பில் போடும்போதே அதே மாடலின் சீல் கிட்டையும் சேர்த்து வாங்கிவிடுங்கள். சென்னையிலிருந்து கப்பல் வர மூன்று நாள் ஆகும். சீசனில் மூன்று நாள் போட் கரையில் நின்றால் போகிற பணத்துக்கு எத்தனையோ கிட் வாங்கலாம்.