குட்டியை மடியில் வாங்கும் முன் ஒப்பந்தத்தைக் கையில் வாங்குங்கள்

சங்கரன்கோவிலில் 22 வருடங்களாகப் பத்திரம் எழுதுகிறேன். இரண்டு சென்ட் மனை வாங்க வருபவரையும் 30 வருட வில்லங்கம் பார்க்காமல் கையெழுத்துப் போட விட்டதில்லை. ஆனால் மூன்று வருடங்களுக்கு முன் ஒரு லாப்ரடார் குட்டி வாங்கியபோது, விற்பவர் நீட்டிய இரண்டு பக்க ஒப்பந்தத்தைப் படிக்காமலே கையெழுத்திட்டேன். என் மகள் அந்தக் குட்டியை மடியில் வைத்திருந்தாள். அவள் துப்பட்டாவின் நுனியை அது சப்பிக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில் கண் தாளில் நிற்கவில்லை.

ஐந்தாம் நாள் வாந்தி. ஆறாம் நாள் இரத்தக் கழிச்சல். குட்டிகளைத் தாக்கும் பார்வோ என்ற வைரஸ் நோய் என்றார் மருத்துவர். இரண்டு நாட்கள் குளுக்கோஸ் ஏற்றியும் எட்டாம் நாள் விடியும் முன்பே போய்விட்டது. விற்றவரை அழைத்தேன். நான்காவது ஷரத்தைப் படிக்கச் சொன்னார். குட்டியை ஒப்படைத்து 48 மணி நேரத்துக்குப் பிறகு வரும் எந்த நோய்க்கும் தான் பொறுப்பல்ல என்று அதில் இருந்தது.

அந்த 48 மணி நேரத்தை நன்றாகக் கவனியுங்கள். பார்வோ கிருமி உடலில் புகுந்து அறிகுறி தெரியப் பெரும்பாலும் மூன்று முதல் ஏழு நாட்கள் ஆகும். சில சமயம் இரண்டு வாரம்கூட ஆகும். நாய்களுக்கு வரும் இன்னொரு வைரஸ் நோயான டிஸ்டெம்பரும் அதுபோல மெதுவாகத்தான் தலைகாட்டும். விற்பவர் வீட்டிலேயே தொற்றிய நோய் உங்கள் வீட்டில் வெளிப்படுவதற்குள் அவருடைய பொறுப்பு முடிந்துவிடுகிறது. எனவே தொற்றுநோய்க்குக் குறைந்தது 14 நாள் பொறுப்பு கேளுங்கள். அதற்குப் பதிலாக, வாங்கிய மூன்று நாட்களுக்குள் குட்டியை மருத்துவரிடம் காட்டிச் சான்று வாங்க வேண்டும் என்று அவர் நிபந்தனை போட்டால் ஒப்புக்கொள்ளுங்கள். அது இருவருக்கும் நல்லது. ஆனால் மருத்துவரை நீங்கள்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

அடுத்து, நோய் வந்தால் விற்பவர் என்ன தருவார் என்று பாருங்கள். பல ஒப்பந்தங்களில் 'மாற்றுக் குட்டி மட்டும்' என்றிருக்கும். கேட்பதற்கு நியாயமாகத் தோன்றும். ஆனால் பார்வோ கிருமி தரையிலும் மண்ணிலும் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். சாதாரண சோப்புத் தண்ணீருக்கு அது சாகாது. பிளீச்சிங் கரைசல் போட்டுத்தான் கழுவ வேண்டும். தடுப்பூசி முழுமையாக முடியாத இன்னொரு குட்டியை அதே வீட்டுக்குக் கொண்டுவருவது அதையும் சாகக் கொடுப்பதாகும். ஆகவே 'பணத்தைத் திருப்பித் தருவது அல்லது மாற்றுக் குட்டி, வாங்குபவர் விருப்பப்படி' என்று எழுதச் சொல்லுங்கள். பிறவிக் குறைக்குக் குட்டியைத் திருப்பிக் கொடுத்தால்தான் பணம் என்று இருந்தால் அதையும் வீட்டில் பேசிக்கொள்ளுங்கள். பத்து மாதம் உங்கள் காலடியில் தூங்கிய நாயைத் திருப்பி அனுப்ப யாருக்கு மனது வரும்? சிகிச்சைச் செலவில் குட்டியின் விலை அளவுக்குத் தருவதாக ஒரு வரி இருந்தால் அதுதான் பயன்படும். லாப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்டு போன்ற பெரிய இனங்களில் இடுப்பு மூட்டுக் குறை வளர்ந்த பிறகுதான் எக்ஸ்ரேயில் முழுதாகத் தெரியும். அவற்றுக்கு ஆறு மாத உத்தரவாதம் போதாது. இரண்டு வயது வரை கேளுங்கள்.

இனி எங்கள் தொழில் வழக்கப்படி விற்பவரின் உரிமையைப் பார்ப்போம். 2017-ல் மத்திய அரசு கொண்டுவந்த நாய் இனப்பெருக்கம் மற்றும் விற்பனை விதிகளின்படி, குட்டி விற்பவர் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கக் கூடாது. தாய் நாய்க்கு 18 மாதம் நிறைந்திருக்க வேண்டும். வருடத்துக்கு ஒரு ஈற்றுக்கு மேல் கூடாது. பதிவு எண், குட்டி பிறந்த தேதி, மைக்ரோசிப் (அடையாளத்துக்காகத் தோலுக்கடியில் வைக்கும் சிறு சில்லு) எண், தடுப்பூசியும் குடற்புழு மருந்தும் கொடுத்த நாட்கள் ஆகியவை ஒப்பந்தத்தில் இருக்கின்றனவா என்று பாருங்கள். பிறந்த தேதிக்கான இடம் வெற்றாக விடப்பட்டிருந்தால் கையெழுத்திடாதீர்கள். வெற்றிடம் விட்ட பத்திரத்தில் பின்னால் என்ன வேண்டுமானாலும் ஏறும். அதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

கென்னல் கிளப் ஆஃப் இந்தியா சான்றிதழைத் தாய்ப்பத்திரம் மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். யாருக்கு யார் பிறந்தது என்று அது சொல்லும். குட்டி ஆரோக்கியமாக இருக்கிறது என்று சொல்லாது. 'சான்றிதழ் பின்னர் தரப்படும்' என்ற வரிக்குப் பக்கத்தில் ஒரு தேதி கேளுங்கள்.

பெட்டைக் குட்டி வாங்குபவர்கள் கூட்டு உரிமை என்ற ஷரத்தை நிதானமாகப் படிக்க வேண்டும். நம் ஊரில் ஆட்டை வாரத்துக்கு விடுவோம். ஆடு ஒருவருடையது, மேய்ப்பவர் இன்னொருவர், குட்டிகளில் இருவருக்கும் பங்கு. கூட்டு உரிமையும் அதேதான். முதல் ஈற்றில் இரண்டு குட்டிகள் விற்றவருக்கு, எந்தக் கடுவனுடன் சேர்ப்பது என்பதும் அவர் முடிவு என்று எழுதியிருக்கும். வாரத்துக்கு விடுபவர் ஆட்டின் முழு விலையை வாங்குவதில்லை. நாய்க்கு மட்டும் முழு விலையும் வாங்கிக்கொண்டு வாரமும் கேட்டால் அது நியாயமில்லை. பெட்டை நாய்க்குப் பேறு காலத்தில் அறுவை தேவைப்பட்டால் செலவு யாருடையது, அது இறந்தால் என்ன என்ற இரண்டுக்கும் பதில் இல்லாத கூட்டு உரிமையை ஏற்காதீர்கள்.

கடுமையாகத் தோன்றும் சில ஷரத்துகள் உண்மையில் நல்லவை. உங்களால் வளர்க்க முடியாமல் போனால் வேறு யாருக்கும் கொடுக்காமல் தன்னிடமே திருப்பித் தர வேண்டும் என்று எழுதுகிறவர், அந்தக் குட்டி தெருவுக்கு வந்துவிடக் கூடாது என்று நினைக்கிறவர். கருத்தடை செய்ய வேண்டும் என்ற நிபந்தனையும் அப்படித்தான். எந்த வயதில் என்பதை மட்டும் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். தான் விற்கும் தீனியைத்தான் போட வேண்டும், இல்லையென்றால் உத்தரவாதம் ரத்து என்ற ஷரத்தை நீக்கச் சொல்லுங்கள்.

'மீறினால் ஒரு லட்சம் ரூபாய்' என்ற வரி பலரை மிரட்டுகிறது. இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872-ன் 74-வது பிரிவின்படி அந்தத் தொகை உச்சவரம்புதான். அதற்குள் நியாயமான இழப்பீட்டையே நீதிமன்றம் தரும். அதை நம்பிக் கண்ணை மூடிக் கையெழுத்திடவும் வேண்டாம். மறுபக்கம், உங்களுக்கு அநியாயம் நடந்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் கிடையாது.

லாப்ரடார் போன பிறகு இரண்டு வருடங்கள் நாய் என்ற பேச்சே எங்கள் வீட்டில் இல்லை. போன வருடம் மகளே கேட்டாள். இந்த முறை ராஜபாளையம் நாய் எடுக்க நினைத்தோம். வளர்க்கிற பெரியவரிடம் ஒப்பந்தத்தை முதலில் போனில் அனுப்பச் சொன்னேன். அனுப்பினார். இரவுச் சாப்பாட்டுக்குப் பின் வீட்டில் எல்லோர் முன்னாலும் வரி வரியாக வாய்விட்டுப் படித்தேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள். நாயை வளர்க்கப் போவது வீட்டில் இருக்கிற எல்லோரும்தான். புரியாத வரிகளுக்குப் பக்கத்தில் பென்சிலில் கோடு போட்டுக்கொண்டு போனோம்.

பால் வெள்ளை நிற ராஜபாளையத்தில் காது கேளாமை தெரிந்த குறை. அவருடைய ஒப்பந்தத்தில் அதைப் பற்றி ஒன்றுமில்லை. "அண்ணாச்சி, காதுக்கு ஒரு வரி வேண்டும்" என்றேன். அவர் கோபப்படவில்லை. "சோதித்துப் பார்த்துவிடலாம் தம்பி" என்று குட்டிகளை ஒவ்வொன்றாகத் தனி அறைக்குத் தூக்கிவந்தார். கூட்டமாக இருந்தால் ஒன்று திரும்புவதைப் பார்த்து மற்றதும் திரும்பும், அதனால் தனியாகத்தான் பார்க்க வேண்டும் என்றார். முதுகுப் பக்கம், அதன் பார்வை படாத இடத்திலிருந்து சாவிக்கொத்தைக் குலுக்கினார். கையைத் தட்டினால் காற்றும், தரையில் எதையாவது போட்டால் அதிர்வும் காட்டிக்கொடுத்துவிடுமாம். முதல் குட்டி சட்டென்று தலையைத் திருப்பியது. இரண்டாவது காதை மட்டும் அசைத்தது. மூன்றாவது குட்டி, இளஞ்சிவப்பு மூக்கைத் தரையில் ஒட்டியபடி எறும்பைப் பார்த்துக்கொண்டே இருந்தது. மூன்று முறை குலுக்கினார். அது திரும்பவில்லை.

ஒரு காது மட்டும் கேட்காத குட்டியை இந்தச் சோதனையில் கண்டுபிடிக்க முடியாது. அதற்குக் கருவி வேண்டும். அதனால் ஆறு மாதத்துக்குள் காது கேளாமை உறுதியானால் பாதி விலையைத் திருப்பித் தருவதாக ஒரு வரி கேட்டேன். அச்சடித்த தாளின் ஓரத்தில் அவரே பேனாவால் எழுதினார். அந்த இடத்தில் இருவரும் தனியாகக் கையெழுத்திட்டோம். இரண்டு பிரதிகளிலும் அப்படிச் செய்ய வேண்டும். ஒன்றில் மட்டும் திருத்தினால் பின்னால் வம்பு.

கடைசிப் பக்கத்தில் கையெழுத்திடும் முன், அந்த மூன்றாவது குட்டியை என்ன செய்வீர்கள் என்று கேட்டேன்.

"அதை விற்க மாட்டேன் தம்பி. இங்கேயே இருக்கும். சாலைப் பக்கம் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்" என்றபடி அதைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டார்.

கையெழுத்திட்டேன். 15,000 ரூபாயை வங்கி வழியாக அனுப்பி, ரசீது எண்ணை ஒப்பந்தத்தின் அடியில் எழுதிக்கொண்டேன். அதற்குப் பிறகுதான் மகளிடம் குட்டியைத் தூக்கச் சொன்னேன்.