சொந்த கிளினிக் டாக்டர்கள் சேர்ந்து கட்டணம் பேசும்போது சறுக்கும் இடங்கள்

அமெரிக்காவில் தனியாக கிளினிக் நடத்தும் டாக்டருக்குக் காப்பீட்டு நிறுவனத்திடம் பேரம் பேச அநேகமாக வழியே கிடையாது. நிறுவனம் கட்டண அட்டவணையை நிரப்பியே ஒப்பந்தத்தை அனுப்புகிறது. கையெழுத்துப் போடாவிட்டால் அந்தக் காப்பீடு வைத்திருக்கும் நோயாளிகள் வேறு டாக்டரிடம் போய்விடுவார்கள். ‘சரி, எல்லாரும் சேர்ந்து பேசுவோம்’ என்று தோன்றுவது நியாயம்தான். ஆனால் சட்டம் அந்த நியாயத்தைப் பார்ப்பதில்லை.

அடிப்படைத் தவறு, தன்னைத் தொழிலாளியாக நினைத்துக்கொள்வது. தனியார் மருத்துவமனையில் சம்பளத்துக்கு வேலை பார்க்கும் டாக்டர், மேற்பார்வையாளராக இல்லாதவரை, சங்கம் சேர்ந்து சம்பளம் பேசலாம். 1935-ம் ஆண்டின் தொழிலாளர் உறவுச் சட்டம் தரும் உரிமை அது. சுயதொழில் செய்பவர்களை 1947-ம் ஆண்டுத் திருத்தம் அதிலிருந்து விலக்கிவிட்டது. அதனால் கிளினிக் உரிமையாளர் ஒரு வியாபாரி, பக்கத்துத் தெரு டாக்டர் அவருடைய போட்டியாளர். இருவரும் கூடிக் கட்டணம் முடிவு செய்தால் போட்டியாளர்கள் கூட்டுச் சேர்வதைத் தடுக்கும் 1890-ம் ஆண்டின் ஷெர்மன் சட்டம் பாயும்.

‘நாங்கள் விலையை ஏற்றவில்லையே’ என்ற வாதமும் எடுபடாது. அரிசோனாவின் மாரிகோப்பா பகுதி டாக்டர்கள் சேர்ந்து வைத்தது உச்சவரம்புக் கட்டணம். அதற்கு மேல் வாங்கமாட்டோம் என்றார்கள். அதுவும் விலை நிர்ணயமே, சட்டவிரோதமே என்று உச்ச நீதிமன்றம் 1982-ல் சொல்லிவிட்டது.

எழுத்தில் ஒன்றும் இல்லையே என்று தைரியமாக இருப்பவர்களும் உண்டு. ஒப்பந்தம் என்பதற்குக் கையெழுத்து தேவையில்லை. ‘நான் அந்த நிறுவனத்தை விட்டு விலகப்போகிறேன், நீங்கள் எப்படி?’ என்று வாட்ஸ்அப் குழுவில் கேட்டு, நாலு பேர் ‘நானும்’ என்று சொல்லி விலகினால் அதுவே சாட்சியாகலாம். இப்படிப்பட்ட வழக்குகளில் பெரும்பாலானவை சிவில் வழக்குகள்தான். ஆனாலும் ஷெர்மன் சட்டத்தில் தனிநபருக்குப் பத்து ஆண்டுகள் வரை சிறைக்கும் இடம் உண்டு.

எனக்கு அதிகம் கவலை தருவது தூதர் முறை. ஒரு பொது ஆள் காப்பீட்டு நிறுவனத்தின் விலையை ஒவ்வொரு டாக்டரிடமும் தனித்தனியாகக் கொண்டுபோவார், டாக்டர் தானாக முடிவெடுப்பார். இது செல்லும். ஆனால் தூதர் மெல்ல மெல்லப் பேரம் பேசுபவராக மாறிவிடுகிறார், டாக்டர்களும் அதை உதவியாகவே எடுத்துக்கொள்கிறார்கள். டெக்ஸாஸில் ஃபோர்ட் வொர்த் பகுதியில் இயங்கிய நார்த் டெக்ஸாஸ் ஸ்பெஷாலிட்டி ஃபிசிஷியன்ஸ் அமைப்பு, உறுப்பினர்களிடம் குறைந்தபட்சம் எவ்வளவு ஏற்பீர்கள் என்று கேட்டு, சராசரி எடுத்து, அதை அவர்களுக்கே தெரிவித்தது. அதற்குக் கீழே வந்த விலைகளை டாக்டர்களுக்கு அனுப்பாமல் நிறுத்திவைத்தது. இது விலை நிர்ணயம் என்று, வியாபாரப் போட்டியைக் கண்காணிக்கும் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் தீர்ப்பளித்தது. மேல்முறையீட்டு நீதிமன்றமும் 2008-ல் அதை உறுதிசெய்தது. ஒருவரின் பதிலை இன்னொருவருக்குச் சொல்லும் தூதரை உடனே நிறுத்துங்கள்.

பழைய சட்ட ஆலோசனையை நம்புவது இன்னொரு பொறி. இதற்குள் இருந்தால் பொதுவாக அரசு வழக்குப் போடாது என்று சிறு டாக்டர் குழுக்களுக்குப் பாதுகாப்பு எல்லை வகுத்திருந்த 1996-ம் ஆண்டு வழிகாட்டுதல்களைக் கூட்டாட்சி அரசின் நீதி அமைச்சகமும் வர்த்தக ஆணையமும் 2023-ல் திரும்பப் பெற்றுவிட்டன. மாநிலச் சட்டத்தையும் கவனமாகப் பாருங்கள். 1999-ல் டெக்ஸாஸும் 2002-ல் நியூ ஜெர்சியும் கூட்டுப் பேரத்துக்கு வழிவிட்டபோது, மாநில அட்டர்னி ஜெனரலின் ஒப்புதலைக் கட்டாயமாக்கின. மாநிலம் உண்மையாகவே மேற்பார்வை செய்யாவிட்டால் கூட்டாட்சிச் சட்டத்திலிருந்து விலக்குக் கிடைக்காது.

இதையெல்லாம் கேட்டுப் பயந்து வாயை மூடிக்கொள்வதும் தவறே. சட்டம் மாற வேண்டும் என்று மக்கள் பிரதிநிதிகளிடம் சேர்ந்தே கேட்கலாம். பணம் தாமதமானால் மாநிலக் காப்பீட்டுத் துறையிடம் புகார் கொடுக்கலாம். கிளினிக்குகள் உண்மையாகவே இணைந்து லாப நஷ்டத்தையும் சிகிச்சைத் தரத்துக்கான பொறுப்பையும் பகிர்ந்துகொண்டால், கூட்டுக் கட்டணத்தைச் சட்டம் வேறு கண்ணோடு பார்க்கும். அப்போதும் அனுபவமுள்ள வக்கீல் முதலில் பார்க்கட்டும். தனியாகவே பேசுவதென்றால், அதிகம் செய்யும் சிகிச்சைகளின் குறியீடுகள், மற்ற நிறுவனங்கள் உங்களுக்குத் தரும் கட்டணம், மறுக்கப்பட்ட கிளெய்ம்கள் ஆகியவற்றைக் கையில் வைத்துக்கொண்டு, ஒப்பந்தம் புதுப்பிக்கும் தேதிக்குப் பல மாதங்கள் முன்பே தொடங்குங்கள்.