சான்றிதழைப் பிடிஎஃப் ஆக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கல்லூரிச் சேர்க்கை, உதவித்தொகை, அரசுத் தேர்வு என்று புதிதாக விண்ணப்பிக்கிறவர்கள் ஆண்டுதோறும் அதே தவறுகளைச் செய்கிறார்கள். கோணலாக எடுப்பதும் விரல் நிழல் விழுவதும் பார்த்ததும் தெரிந்துவிடும். தாமதமாகத் தெரியவருபவைதான் ஆபத்து.

பெயரை மட்டும் மாற்றுவது

கோப்புப் பெயரின் கடைசியில் ஜேபிஜியை அழித்துவிட்டுப் பிடிஎஃப் என்று தட்டினால் உள்ளே இருப்பது மாறாது. தளம் மறுக்கும், ஏற்றுக்கொண்டாலும் பிறகு திறக்காது.

சுருக்கியதையே மறுபடி சுருக்குவது

அதிக நஷ்டம் தருவது இதுதான். தளம் 200 கேபி கேட்கிறது, போன் படமோ 4 எம்பி. அதை வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பி, இறக்கி, பிடிஎஃப் ஆக்கி, சுருக்கும் தளத்தில் போடுகிறார்கள். 260 கேபி வந்தால் அதையே திரும்பவும் போடுகிறார்கள்.

ஜேபிஜி, படத்தை 8×8 பிக்சல் கட்டங்களாகப் பிரித்து நுண்விவரங்களைக் கழித்துத்தான் இடத்தை மிச்சப்படுத்துகிறது. கழிந்தது திரும்ப வராது. முதலில் அடிபடுவது மெல்லிய கோடுகள்: பதிவெண்ணில் 3 எது, 8 எது என்று தெரியாது, மெய்யெழுத்தின் புள்ளி மறையும், முத்திரை வெறும் கறையாகும். பெரும்பாலான தளங்கள் அளவையும் வகையையும் மட்டும் பார்த்துப் பச்சை டிக் காட்டிவிடும். படித்துப் பார்ப்பவர் சரிபார்ப்பு அலுவலர். அவர் திறக்கும்போது கடைசித் தேதி முடிந்திருக்கும். சாதிச் சான்றிதழ் படிக்க முடியாமல் போனால் இடஒதுக்கீடே கைநழுவலாம். தகுதியுள்ள பிள்ளைக்கு இப்படி நேர்வதைப் பொறுத்துக்கொள்ளவே முடியவில்லை.

எப்போதும் மூலப் படத்திலிருந்தே தொடங்குங்கள். கூகுள் டிரைவ் அல்லது ஐபோன் நோட்ஸ் ஸ்கேனில் எடுத்தால் மேசை விளிம்பு வெட்டுப்பட்டு, தாள் வெளுக்கும். நிழலும் சொரசொரப்பும்கூட கேபியைத் தின்பவை. அடுத்து பிக்சலைக் குறையுங்கள்: ஏ4 தாளுக்கு 150 டிபிஐ (அங்குலத்துக்கு 150 புள்ளி) என்றால் 1240×1754 பிக்சல். பிறகு ஜேபிஜியின் தர அளவை (குவாலிட்டி) 70 வைத்து ஒரே முறை சேமியுங்கள். அளவு மீறினால் அந்தக் கோப்பைத் தொடாமல், மூலத்துக்குத் திரும்பி 60 வையுங்கள். கணினியில் ஐஎம்ஜி2பிடிஎஃப் என்ற கருவி ஜேபிஜியை மறுபடி சுருக்காமல் அப்படியே பிடிஎஃப்பில் வைத்துவிடும். முடித்ததும் 200 சதவீதம் பெரிதாக்கிப் பதிவெண்ணை எழுத்தெழுத்தாகப் படியுங்கள்.

நிறத்தை நீக்கிக் கறுப்பு வெள்ளையாக்குவது

ஜேபிஜியில் நிறம் பிடிக்கும் இடம் குறைவு; நீக்கினாலும் பெரிய லாபம் இல்லை. பச்சை மைக் கையெழுத்தும் ஊதா முத்திரையும் மங்குவதுதான் மிச்சம்.

பூட்டிய இ-ஆதாரை ஏற்றுவது

கடவுச்சொல் கேட்கும் கோப்பை அலுவலரால் திறக்க முடியாது. திறந்து, 'பிரிண்ட்' கொடுத்துப் பிடிஎஃப்பாகச் சேமித்து ஏற்றுங்கள்.

ஐபோனின் எச்இஐசி படம்

எச்இஐசி என்பது ஐபோன் படத்தைச் சேமிக்கும் கோப்பு வகை; பல தளங்கள் அதை ஏற்பதில்லை. கேமரா அமைப்பில் 'மோஸ்ட் கம்பாட்டிபிள்' தேர்ந்தால் ஜேபிஜியாக வரும்.

ஆதார் படத்தை முன்பின் தெரியாத தளத்தில் ஏற்றிப் பிடிஎஃப்பாக மாற்றுவது

வேண்டவே வேண்டாம்.