பீம் ஆன்டெனா: தேர்வும் சுருதி சேர்ப்பும்

ஆன்டெனாவிலிருந்து எவ்வளவு ஆற்றல் திரும்பி வருகிறது என்பதைக் காட்டும் எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டரின் முள் 1.1-இல் (1 என்றால் எதுவும் திரும்பவில்லை) நின்றுவிட்டால் ஆன்டெனா சரியாகிவிட்டது என்று பலர் நம்பிவிடுகிறார்கள். சோதனைக்காக ஆன்டெனாவுக்குப் பதில் இணைக்கும் 50 ஓம் மின்தடையான டம்மி லோடும் அதே அளவைத்தான் காட்டும், ஆனால் அதிலிருந்து அலை எதுவும் வெளியே போவதில்லை. பீம் ஆன்டெனாவில் இரண்டு வேலைகள் தனித்தனியே நடக்கின்றன. அலைகளை ஒரு திசையில் குவிப்பது பின்புறக் குழாயான ரிஃப்ளெக்டர், முன்புறக் குழாயான டைரக்டர் ஆகியவற்றின் நீளமும் இடைவெளியும். கேபிளில் வரும் ஆற்றலைத் திருப்பி அனுப்பாமல் வாங்கிக்கொள்வது, கேபிள் இணையும் குழாயான டிரைவன் எலிமென்ட்டில் உள்ள மேட்சிங் எனும் இணக்க அமைப்பு. முதல் வேலையை முடித்த பிறகே இரண்டாவதில் கை வைக்க வேண்டும் என்பதை நான் வலியுறுத்திச் சொல்வேன்.

தேர்வு செய்யும்போது யாருடன் பேசப்போகிறோம் என்பதே முதல் கேள்வி. அருகிலுள்ள சி.பி. (27 மெகாஹெர்ட்ஸில் இயங்கும் பொதுமக்கள் வானொலி) நிலையங்கள் பெரும்பாலும் செங்குத்து ஆன்டெனாவையே பயன்படுத்துவதால், அவற்றுடன் பேச எலிமென்ட்டுகளைச் செங்குத்தாக நிறுத்துவதே பொருத்தம். படுக்கையாக வைத்தால் நேர்ப்பாதையில் சுமார் 20 டெசிபெல் வரை இழக்க நேரிடும். அயனிமண்டலத்தில் பட்டுத் திரும்பும் தொலைதூர அலைகளின் துருவமுனைப்பு (அலை அதிரும் தளம்) வழியிலேயே மாறிவிடுவதால், அங்கே படுக்கை நிலை எந்த வகையிலும் குறைவல்ல.

அடுத்தது இடம். அரை அலை எலிமென்ட்டின் நீளத்தை மீட்டரில் அறிய, 143-ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் போதும்: 27.185 மெகாஹெர்ட்ஸுக்கு 5.26 மீட்டர். ரிஃப்ளெக்டர் அதைவிட ஏறக்குறைய 5 சதவீதம் நீளம், டைரக்டர் ஏறக்குறைய அதே அளவு குட்டை. 4 மீட்டர் பூம் (எலிமென்ட்டுகளைத் தாங்கும் நீளக் குழாய்) கொண்ட மூன்று எலிமென்ட் பீம் சுழல, கம்பத்தைச் சுற்றி எல்லாப் பக்கமும் சுமார் மூன்றரை மீட்டர் இடம் வேண்டும். மின்கம்பி எதுவும் அந்த வட்டத்துக்குள் மட்டுமல்ல, கம்பம் சாய்ந்தால் எட்டும் தூரத்துக்குள்ளும் இருக்கவே கூடாது.

விளம்பரங்களில் வரும் பெரிய கெய்ன் (குவிப்பால் கிடைக்கும் கூடுதல் வலிமை) எண்களை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். மூன்று எலிமென்ட் யாகி, அதாவது இவ்வகை பீம், ஒற்றை அரை அலை எலிமென்ட்டான சாதாரண டைபோலைவிட 5 டெசிபெல் அளவுக்கே கூடுதலாகத் தரும். ஐந்து எலிமென்ட்டுக்குப் போனால் மேலும் 2 டெசிபெல் அளவு கிடைக்கலாம். வந்துசேரும் அலையின் வலிமையைக் காட்டும் எஸ்-மீட்டரில் ஒரு புள்ளி என்பது 6 டெசிபெல் என்பதை நினைவில் கொண்டால், அந்த 2 டெசிபெல்லுக்காகப் பெரிய பூமையும் காற்றின் சுமையையும் ஏற்பதைவிட, கம்பத்தின் உயரத்தைக் கூட்டுவது பயனுள்ளது. படுக்கை பீம் அரை அலை உயரத்தில், அதாவது 5.5 மீட்டரில் இருந்தால் முதன்மை அலை சுமார் 30 பாகை கோணத்தில் மேலெழும். 11 மீட்டருக்கு உயர்த்தினால் அது 14 பாகைக்கு அருகில் தாழ்ந்து, தொலைவுக்குச் செல்லும். கேபிளையும் மறக்க வேண்டாம்: 30 மீட்டர் மெல்லிய ஆர்.ஜி.-58 கேபிள் இரண்டு டெசிபெல்லுக்கு மேல் விழுங்கிவிடும், தடித்த ஆர்.ஜி.-213 அதில் பாதியளவே எடுக்கும்.

சுருதி சேர்க்கும்போது முதலில் ஒவ்வொரு எலிமென்ட்டையும் பூமின் நடுவிலிருந்து இருபுறமும் அளவுநாடாவால் அளந்து, இரு பக்கமும் சமமாக வைத்து, குழாய்கள் ஒன்றுக்குள் ஒன்று நுழையும் இடத்தில் பென்சிலால் கோடிட்டுக்கொள்ள வேண்டும். பிறகு பீமை, ரிஃப்ளெக்டர் தரைப்பக்கமும் டைரக்டர் வானத்தை நோக்கியும் இருக்குமாறு நிறுத்தினால், தரையின் பாதிப்பு குறைந்து, கைக்கெட்டும் உயரத்திலேயே டிரைவன் எலிமென்ட்டின் மேட்சிங் அமைப்பான காமா மேட்சைத் திருத்த முடியும். காமாவின் கம்பியை எலிமென்ட்டோடு இணைக்கும் ஷார்ட்டிங் பட்டையின் இடமும் கண்டன்சரின் அளவும் ஒன்றையொன்று பாதிக்கும் என்பதால், இரண்டையும் மாறி மாறிச் சிறிது சிறிதாக நகர்த்த வேண்டும். ஆன்டெனாவை அளக்கும் கருவியான அனலைசர் இல்லையெனில் மிகக் குறைந்த ஆற்றலில் அளந்து, அனுப்பும்போது எலிமென்ட்டைத் தொடாமல் விலகி நிற்பது அவசியம்.

சி.பி.யின் 1, 20, 40 ஆகிய சேனல்களில் எஸ்.டபிள்யூ.ஆர். அளவைக் குறித்துக்கொண்டால் போக்கு தெரியும். 1-இல் குறைவாகவும் 40-இல் அதிகமாகவும் இருந்தால் டிரைவன் எலிமென்ட் நீளம் என்று பொருள். எதிர்மாறாக இருந்தால் குட்டை. இருபுறமும் இரண்டரை சென்டிமீட்டர் மாற்றினால் ஒத்திசைவு அலைவெண் சுமார் 260 கிலோஹெர்ட்ஸ் நகரும். கேபிளை விரலால் பிடித்தவுடன் முள் அசைந்தால், கேபிளின் வெளிப்புறமே ஆன்டெனாவாக வேலை செய்கிறது. இணைப்பிடத்தின் அருகே அதே கேபிளை 10 சென்டிமீட்டர் விட்டத்தில் 6 முதல் 8 சுற்று சுற்றிக் கட்டினால் அது அடங்கும். அளவை எப்போதும் ஆன்டெனாவின் அருகிலேயே எடுப்பது நல்லது, ஏனெனில் நீண்ட கேபிளின் இழப்பு, மோசமான எஸ்.டபிள்யூ.ஆர்.-ஐயும் நல்லதாகக் காட்டிவிடும்.

சி.பி. பீமை 28.4 மெகாஹெர்ட்ஸுக்குக் கொண்டுவர விரும்பும் ஹாம் (அமெச்சூர் வானொலி) உரிமதாரர் டிரைவன் எலிமென்ட்டை மட்டும் வெட்டினால் மீட்டர் திருப்தி அடையும், ஆனால் குவிப்பு கெட்டுவிடும். எல்லா எலிமென்ட்டுகளையும் ஏறக்குறைய 4 சதவீதம், அதாவது டிரைவனில் பக்கத்துக்கு 11 சென்டிமீட்டர் அளவுக்குக் குறைக்க வேண்டும்.

பீமைக் கம்பத்தில் ஏற்றிய பின், நிலையாகக் கேட்கும் தொலைதூர நிலையம் ஒன்றை நோக்கி வைத்து, மெதுவாக முழுச் சுற்று சுழற்றிப் பாருங்கள். பின்பக்கம் திரும்பும்போது எஸ்-மீட்டர் இரண்டு, மூன்று புள்ளிகள் இறங்க வேண்டும், இறங்காவிட்டால் எஸ்.டபிள்யூ.ஆர். எவ்வளவு அழகாக இருந்தாலும், முதலில் ரிஃப்ளெக்டரின் நீளத்தை மீண்டும் அளந்து பார்க்க வேண்டும். காமாவின் மேல்முனையை மழைநீர் புகாதபடி மூடி, முதல் மழைக்குப் பின் அதே மூன்று சேனல்களில் ஒருமுறை அளந்து, குறித்துவைத்த எண்களோடு ஒப்பிடுங்கள்.