பால்குடி மறக்காத பிள்ளை மடியில், அடுத்ததற்கு ஆசை: கணக்கு எங்கே தப்புகிறது?

முதல் பிள்ளைக்கு முயன்றபோது கைகொடுத்த கணக்கு, பால் கொடுக்கும் காலத்தில் பெரும்பாலும் கைகொடுக்காது. மாதவிடாய் தொடங்கிய நாளிலிருந்து எண்ணி 14ஆம் நாளைக் கருமுட்டை வெளியேறும் நாளாகக் குறித்துவைப்பதும், கைத்தொலைபேசிச் செயலி காட்டும் நாளை நம்புவதும், சுழற்சி ஒழுங்காக வருகிறவர்களுக்கே அரைகுறையாகத்தான் பொருந்தும். பால் கொடுப்பவர் பலருக்கோ மாதவிடாயே திரும்பியிருக்காது, எண்ணத் தொடங்க முதல் நாளே இருக்காது. செயலிக்கு அது தெரியாது. பழைய சராசரியை வைத்து ஏதோ ஒரு தேதியைச் சொல்லிவிடும்.

நிறைய பேர் சறுக்கும் முதல் இடம், “மாதவிடாய் வரட்டும், அப்புறம் பார்க்கலாம்” என்று இருந்துவிடுவது. பொதுவாகக் கருமுட்டை வெளியேறிய பிறகு, கரு தங்காவிட்டால்தான் மாதவிடாய் வரும். அதாவது முட்டை முன்னே, உதிரம் பின்னே. பிரசவத்துக்குப் பிறகு ஒருமுறைகூட மாதவிடாயைப் பார்க்காமலே மறுபடி கருத்தரிக்கிறவர்கள் இருப்பது இதனால்தான். இதன் மறுபக்கத் தவறும் உண்டு. மாதவிடாய் திரும்பிவிட்டதால் எல்லாம் பழையபடி ஆகிவிட்டது என்று நினைப்பது. முதல் ஓரிரு சுழற்சிகளில் முட்டை வெளியேறாமலே உதிரப்போக்கு வரலாம். வெளியேறினாலும், அதற்கும் அடுத்த மாதவிடாய்க்கும் இடைப்பட்ட நாள்கள் பத்துக்கும் குறைவாக இருக்கலாம். அப்படிப்பட்ட சுழற்சியில் கரு ஒட்டி வளர நேரம் போதாமல் போகலாம். பெரும்பாலோருக்கு அடுத்தடுத்த சுழற்சிகளில் இது தானாக நீளும். இரண்டு மாதம் பார்த்துவிட்டு மனம் உடைந்துபோக வேண்டியதில்லை.

“பால் கொடுக்கிறவளுக்குத் தங்காது” என்று வீட்டில் பெரியவர்கள் சொல்வது முழுப் பொய் அல்ல. குழந்தைக்கு ஆறு மாதம் ஆகாமல், மாதவிடாய் திரும்பாமல், பகலில் நான்கு மணி நேரத்துக்கும் இரவில் ஆறு மணி நேரத்துக்கும் மேல் இடைவெளி விடாமல் தாய்ப்பால் மட்டுமே கொடுத்துவந்தால், அந்த ஆறு மாதத்தில் கருத்தரிப்பவர்கள் நூற்றுக்கு இரண்டு பேருக்கும் குறைவு. மூன்றில் ஒன்று தவறினாலும் இந்தக் கணக்கு நிற்காது. சிங்கப்பூரில் அது தவறுவது எளிது. 16 வார மகப்பேறு விடுப்பு முடிந்ததும் அம்மா அலுவலகத்தில், பிள்ளை பராமரிப்பு நிலையத்தில். பம்ப் செய்து பால் அனுப்பினாலும், இயந்திரம் எடுப்பதும் பிள்ளை நேரடியாகச் சப்புவதும் உடலுக்கு ஒன்றல்ல. அதனால் இப்போதைக்கு அடுத்தது வேண்டாம் என்பவர் இதை நம்பி இருக்கக் கூடாது. வேண்டும் என்பவரோ, வேலைக்குத் திரும்பிய நாள்கள், திட உணவு தொடங்கிய நாள்கள், பிள்ளை இரவு முழுவதும் தூங்கத் தொடங்கிய நாள்கள் ஆகியவற்றில் கூடுதல் கவனம் வைக்கலாம். உடல் மாறத் தொடங்குவது பெரும்பாலும் இந்தக் கட்டங்களில்தான்.

எதைக் கவனிப்பது? மூன்று அடையாளங்கள் இருக்கின்றன. ஒன்றை மட்டும் நம்புவதில்தான் சிக்கல் தொடங்குகிறது.

காலையில் எழுந்ததும் எடுக்கும் உடல் வெப்பநிலையைத்தான் பலர் முதலில் பிடித்துக்கொள்கிறார்கள். காய்ச்சல் பார்க்கும் சாதாரண வெப்பமானி போதாது, இரண்டு தசம இலக்கம் காட்டுவது வேண்டும். படுக்கையிலிருந்து எழுமுன், குறைந்தது மூன்று மணி நேரம் சேர்ந்தாற்போலத் தூங்கிய பிறகு, தினமும் ஏறக்குறைய அதே நேரத்தில் எடுக்க வேண்டும். பால்குடிப் பிள்ளை உள்ள வீட்டில் மூன்று மணி நேரத் தூக்கமா என்று நீங்கள் சிரிப்பது புரிகிறது. தூக்கம் கலைந்த நாளின் அளவைக் குறித்துக்கொள்ளுங்கள், ஆனால் அதை வைத்து முடிவெடுக்காதீர்கள். இதைவிட முக்கியமான ஒன்று: வெப்பநிலை சுமார் 0.2 டிகிரி செல்சியஸ் ஏறி மூன்று நாள் இறங்காமல் நின்றால், முட்டை ஏற்கெனவே வெளியேறிவிட்டது என்று பொருள். முட்டைக்கு ஆயுள் 12 முதல் 24 மணி நேரம்தான். வெப்பநிலை ஏறிய பிறகு முயல்வது, பேருந்து போன பிறகு நிறுத்தத்துக்கு ஓடுவதுதான்.

முன்கூட்டிச் சொல்வது கருப்பை வாயிலிருந்து வரும் திரவம். பச்சை முட்டையின் வெள்ளைக்கருவைப் போல வழுவழுப்பாக, விரல்களுக்கிடையே இழுத்தால் அறுபடாமல் நீளும் நாள்களே கருத்தரிக்க ஏற்ற நாள்கள். விந்தணு அந்தத் திரவத்தில் ஐந்து நாள் வரை உயிரோடு இருக்கும். பால் கொடுக்கும்போது ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் குறைவாக இருப்பதால், சிலருக்கு வாரக்கணக்கில் வறட்சியாகவே இருக்கும். வேறு சிலருக்கு ஒரே மாதிரியான பசை போன்ற திரவம் நாள்தோறும் வந்துகொண்டே இருக்கும், அதைப் பார்த்து எல்லா நாளும் நல்ல நாள் என்று எண்ணிவிடுவார்கள். இரண்டு வாரம் போல எழுதிவைத்து, உங்களுக்கு வழக்கமானது எது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். பிறகு அதிலிருந்து எது மாறுகிறதோ அதுதான் செய்தி. வறட்சி என்றதும் நினைவுக்கு வருகிறது: அதற்காகக் கடையில் வாங்கும் வழுவழுப்புக் களிம்புகளில் பல விந்தணுவின் ஓட்டத்தைக் குறைக்கக்கூடியவை. கருத்தரிக்க முயல்பவர்களுக்கென்றே தயாரித்ததைக் கேட்டு வாங்குங்கள். இதைப் பற்றி யாரும் வாய்விட்டுப் பேசுவதில்லை, அதனாலேயே சொல்கிறேன்.

மூன்றாவது, கார்டியன், வாட்சன்ஸ் போன்ற மருந்துக் கடைகளில் கிடைக்கும் சிறுநீர்ச் சோதனைக் குச்சி. முட்டையை வெளியேறத் தூண்டும் எல்எச் ஹார்மோன் உச்சத்துக்கு ஏறுவதை அது காட்டும். ஏறி ஒன்று, ஒன்றரை நாளில் பொதுவாக முட்டை வெளியேறும். பொதுவாக என்றுதான் சொல்ல முடியும். பால் கொடுக்கும் உடல் முட்டையை அனுப்பப் பார்த்து, முடியாமல் அடங்கி, சில வாரம் கழித்து மறுபடி முயலும். ஒவ்வொரு முயற்சியிலும் திரவம் மாறலாம், குச்சியில் இரண்டு கோடும் அழுத்தமாக விழலாம், ஆனால் முட்டை வெளியேறியிருக்காது. பிசிஓஎஸ் எனும் சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை உள்ளவர்களுக்கு இந்தக் குழப்பம் இன்னும் அதிகம். தினம் ஒரு குச்சியாகக் காசைக் கரைக்காமல், திரவம் மாறத் தொடங்கியதும் சோதிக்க ஆரம்பியுங்கள். பிறகு வெப்பநிலை ஏறி நிற்கிறதா என்று பாருங்கள். மூன்றும் ஒத்துப்போனால்தான் முட்டை வெளியேறியது என்று ஓரளவு உறுதியாக நம்பலாம்.

அடுத்து, பாலை ஒரேயடியாக நிறுத்துவது. “பாலை மறக்கடி, தானா தங்கிடும்” என்று மாமியாரோ அம்மாவோ சொல்ல, ஒரே வாரத்தில் நிறுத்திவிட்டு மார்பு கட்டிக்கொண்டு காய்ச்சலில் படுப்பவர்கள் உண்டு. பால் கொடுத்துக்கொண்டே கருத்தரித்தவர்கள் எத்தனையோ பேர். முட்டை திரும்பவில்லை என்றால், ஒரு வேளைப் பாலைக் குறைத்து சில வாரம் பொறுத்துப் பார்க்கலாம். பாலைச் சுரக்கவைத்து, முட்டை வெளியேறுவதைத் தள்ளிப்போடும் புரோலாக்டின் ஹார்மோன் இரவில்தான் அதிகம் சுரக்கும் என்பதால், இரவு இடைவெளி நீண்டாலே சிலருக்குப் போதும். ஒரு வயதுக்குட்பட்ட பிள்ளை என்றால் எதைக் குறைப்பது என்பதை மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு செய்யுங்கள். நாட்டு மருந்துக் கடையில் கருப்பைக்கு நல்லது என்று தரும் பொடிகளும் அப்படித்தான். தாய் சாப்பிடுவதில் ஒரு பங்கு பால் வழியே பிள்ளைக்கும் போகலாம்.

இடைவெளியை மறந்துவிடாதீர்கள். ஒரு பிரசவத்துக்கும் அடுத்த கருத்தரிப்புக்கும் நடுவே குறைந்தது 24 மாதம் விடச் சொல்கிறது உலகச் சுகாதார நிறுவனம். இங்கே பலருக்குத் திருமணமே முப்பதை ஒட்டி நடப்பதால் எல்லாராலும் அவ்வளவு காத்திருக்க முடிவதில்லை. அறுவைசிகிச்சைப் பிரசவம் என்றால், தேதியை நீங்களே முடிவு செய்யாமல் தழும்பின் நிலையைப் பற்றி மருத்துவரிடம் பேசுங்கள். ஃபோலிக் அமிலம் நாளுக்கு 400 மைக்ரோகிராம், கருத்தரிக்கக் குறைந்தது ஒரு மாதம் முன்பே தொடங்க வேண்டும். 35 வயதுக்கு மேல் என்றால் ஆறு மாதம், அதற்குக் கீழ் என்றால் ஒரு வருடம் முயன்றும் பலனில்லாவிட்டால் பலதுறை மருந்தகத்திலோ மகப்பேறு மருத்துவரிடமோ போகலாம். பால் கொடுப்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். அது தெரியாமல் புரோலாக்டின் அளவைப் பார்த்தால், இயல்பாகவே கூடியிருப்பது நோயாகத் தோன்றும்.

கரு தங்கிவிட்டால் பால் கெட்டுவிடும் என்ற பயம் வேண்டாம். இயல்பான கர்ப்பத்தில் தொடர்ந்து கொடுக்கலாம். குறைப்பிரசவம் ஆனவர்கள், உதிரப்போக்கு உள்ளவர்கள் மட்டும் கேட்டுக்கொள்ள வேண்டும். நான்கு, ஐந்து மாதவாக்கில் பால் சுருங்கி, சுவையும் மாறும். சில பிள்ளைகள் அப்போது தாமாகவே விட்டுவிடும். மூத்தது ஒரு வயது எட்டாத கைக்குழந்தை என்றால் எடை ஏறுகிறதா என்று கவனியுங்கள், தேவைப்பட்டால் புட்டிப்பால் சேர்க்க வேண்டிவரும்.