பழைய ஆம்ப்ளிஃபையர் வாங்கும்போது முதலில் பின்பக்கத்தைப் பாருங்கள்

சான்சூயி, பயனியர் போன்ற ஜப்பான் கம்பெனிகளின் பழைய ஆம்ப்ளிஃபையரைப் பார்த்தால் எல்லோருக்கும் முன்பக்கத்தில்தான் கண் போகும். அலுமினியத் தகடு, கனமான வால்யூம் குமிழ், ஆடுகிற மீட்டர் முள். நானும் அதில்தான் மயங்கினேன். பின்பக்கம் ‘100 வோல்ட்’ என்று எழுதியிருந்ததை, வீட்டில் பிளக்கைச் சொருகி, கருகல் வாடை வந்த பிறகுதான் படித்தேன். ஜப்பானுக்குள் விற்பதற்காகச் செய்த மாடல்கள் 100 வோல்ட்டில் ஓடுபவை. நம் வீட்டுக்கு வருவதோ 230. வோல்டேஜைக் குறைத்துத் தரும் ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வைத்து ஓட்டலாம்தான், அதன் விலையையும் சேர்த்துப் பேரம் பேசுங்கள். ஏற்றுமதி மாடல்கள் பலவற்றில் பின்னால் வோல்டேஜ் செலக்டர் இருக்கும். அது 110-இல் நிற்கிறதா, 240-இல் நிற்கிறதா என்று பார்க்காமல் சொருகாதீர்கள்.

கடையில் ஒரு பாட்டு ஓடியதும் திருப்தியாகிவிடுவது அடுத்த தவறு. அங்கே ஓடுவது கடைக்காரருடைய ஸ்பீக்கர்! உங்களுடையதை மாட்டும் முன், மல்டிமீட்டரை டிசி மில்லிவோல்ட்டில் வைத்து, வால்யூமை முழுக்கக் குறைத்து, இரண்டு சேனலின் ஸ்பீக்கர் முனைகளிலும் அளந்து பாருங்கள். 50 மில்லிவோல்ட்டுக்குள் இருந்தால் பயமில்லை. வோல்ட் கணக்கில் காட்டினால் அவுட்புட் டிரான்சிஸ்டர் போயிருக்கலாம். அந்த டிசி கரன்ட் உங்கள் ஸ்பீக்கருக்குள் இருக்கும் கம்பிச் சுருளை (வாய்ஸ் காயில்) சுட்டுவிடும்.

வாட்ஸைப் பார்த்து ஏமாறுவதும் உண்டு. ‘பிஎம்பிஓ’ என்று போட்ட ஆயிரக்கணக்கான வாட்ஸ் வெறும் விளம்பரக் கணக்கு. ஆம்ப் தொடர்ந்து தரக்கூடிய வாட்ஸைச் சொல்லும் ஆர்எம்எஸ் அளவைக் கேளுங்கள். 1978-இல் வந்த என்ஏடி 3020 என்ற ஆம்ப்புக்கு சேனலுக்கு 20 வாட்ஸ்தான். இன்றும் அதைத் தேடி வாங்குகிறார்கள். வாட்ஸ் இரண்டு மடங்கானாலும் சத்தம் 3 டெசிபல்தானே கூடும்.

வால்யூமைத் திருப்பும்போது கரகரவென்றால், அதற்காக நல்ல ஆம்ப்பை விட்டுவிட வேண்டாம். பெரும்பாலும் கான்டாக்ட் கிளீனர் அடித்தால் போய்விடும் (விலையைக் குறைக்க மட்டும் அதைச் சொல்லிக்கொள்ளலாம்). பாட்டே போடாதபோதும் ‘ம்ம்ம்’ என்று இரைந்தால்தான் யோசிக்க வேண்டும். பவர் சப்ளை கெப்பாசிட்டர் காய்ந்திருக்கக்கூடும்.

அப்புறம், பின்னால் ‘ஃபோனோ’ என்று ஒரு துளை இருக்கும். பெயரைப் பார்த்து மொபைல் போனை அதில் சொருகி, சத்தம் கிழிகிறது, ஆம்ப் கெட்டுவிட்டது என்று திருப்பிக் கொடுக்க வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். அது ரெக்கார்ட் பிளேயருக்கானது. ஆக்ஸ் அல்லது டேப் இன்புட்டில் மாற்றிச் சொருகினால் அதே ஆம்ப் ஒழுங்காகப் பாடும்.