உடையாததெல்லாம் உழைக்காது: வண்டி விளக்கு லென்ஸில் நடக்கும் தவறுகள்

மதுரை புதூர் சிட்கோவில் எங்கள் மோல்டிங் பட்டறையின் ஜன்னல் கட்டையில் ஒரு பஸ் டெயில் லைட் லென்ஸ் கிடக்கிறது. ரப்பர் பட்டைக்கு அடியில் மறைந்திருந்த ஒரு விரல் அகலம் மட்டும் நல்ல சிவப்பு. மற்ற இடமெல்லாம் வெளுத்து, பழைய காவி வேட்டி நிறத்துக்கு வந்துவிட்டது. நான் வார்த்துக் கொடுத்ததுதான் அது. “உடையவே கூடாது” என்று பாடி கட்டுபவர் கேட்டார். விலை கூடிய பாலிகார்பனேட்டில் போட்டுக் கொடுத்தேன். சொன்னபடி உடையவில்லை. இரண்டு சித்திரை வெயிலுக்குள் நிறம் போய்விட்டது.

உறுதியை மட்டும் பார்த்துப் பிளாஸ்டிக்கைத் தேர்ந்தெடுப்பதுதான் இந்தத் தொழிலின் பெரிய தவறு. பாலிகார்பனேட் சுத்தியல் அடியையே தாங்கும். புற ஊதாக் கதிரைத் தாங்காது. மஞ்சளாகும், மேல்தோல் நொய்ந்துபோகும். அக்ரிலிக் நேர் எதிர். கல் பட்டால் விரிசல் விடும், வெயிலில் பல வருடம் அப்படியே நிற்கும். ஒளியை விடுவதிலும் அதற்குத்தான் முதலிடம்: அக்ரிலிக் சுமார் 92 சதவீதம், பாலிகார்பனேட் 88, 89. ஆகவே பின்விளக்குக்கும் இண்டிகேட்டருக்கும் அக்ரிலிக், ஹெட்லைட்டுக்குப் பாலிகார்பனேட் என்று வண்டிக் கம்பெனிகள் பிரித்து வைத்திருப்பது சிக்கனத்துக்காக மட்டுமல்ல. கப்பலூரைத் தாண்டி நான்குவழிச் சாலையில் முன்னால் போகும் லாரி தெறிக்கவிடும் ஜல்லி ஹெட்லைட்டைத்தான் தாக்கும். வெப்பமும் அங்கேதான். அக்ரிலிக் 100 டிகிரியை நெருங்கும்போதே இளகத் தொடங்கும். பாலிகார்பனேட் 140 வரை நிற்கும். 60/55 வாட் பல்பு இருந்த இடத்தில் 100/90 மாட்டிவிட்டு, லென்ஸ் கோணிவிட்டது என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகிறவர்களும் இருக்கிறார்கள்.

அப்படியானால் ஹெட்லைட் ஏன் ஒரே வருடத்தில் மஞ்சளாவதில்லை? அதன் மேல் தலைமுடியைவிட மெல்லிய ஹார்டு கோட்டிங் ஒன்று இருக்கிறது. கீறலையும் கதிரையும் தடுப்பது அதுதான். பிளாஸ்டிக் குருணை மூட்டையில் ‘யு.வி. கிரேடு’, அதாவது புற ஊதாக் கதிருக்கு மருந்து கலந்தது, என்று அச்சடித்திருந்தால் கோட்டிங் வேண்டாம் என்று நினைத்தேன் நான். அந்த மருந்து மஞ்சளாவதைத் தள்ளிப்போடும், அவ்வளவுதான். மங்கிய ஹெட்லைட்டை உப்புத்தாளால் தேய்த்துப் பளபளப்பாக்கித் தருகிறவர்கள் மிச்சமிருக்கும் கோட்டிங்கையும் வழித்தெடுத்துவிடுகிறார்கள். புதிதாகக் கோட்டிங் போடாவிட்டால் சில மாதத்தில் பழைய நிலைதான். பற்பசை வைத்தியத்துக்கும் இதே கதி.

கடையில் வாங்கும்போது நடக்கும் ஏமாற்று வேறு. மலிவு லென்ஸ்களில் பாலிஸ்டைரீன் என்ற மட்டமான பிளாஸ்டிக் வரும். புதிதில் கண்ணாடி மாதிரி மின்னும். ‘அசல் அக்ரிலிக் அண்ணாச்சி’ என்பார்கள். ஒரு லிட்டர் தண்ணீரில் 120 கிராம் கல்லுப்பைக் கரைத்து, உடைந்த துண்டு ஒன்றைப் போட்டுப் பாருங்கள். பாலிஸ்டைரீன் மிதக்கும், அக்ரிலிக்கும் பாலிகார்பனேட்டும் மூழ்கும். துண்டில் காற்றுக்குமிழி ஒட்டியிருந்தால் தட்டிவிட்டுப் பார்க்க வேண்டும். மூழ்கிய இரண்டையும் பிரிக்க நெருப்பு போதும். ஒரு சீவலைக் கொளுத்தி எடுத்தால் அக்ரிலிக் பழ வாடையோடு எரிந்துகொண்டே இருக்கும். பாலிகார்பனேட் கரி பிடித்துச் சீக்கிரம் அணையும். வெளியில் வைத்துச் செய்யுங்கள், புகையை முகராதீர்கள்.

தின்னரில் நனைத்த துணியால் லென்ஸைத் துடைப்பதை எந்தப் பட்டறையிலும் பார்க்கலாம். பெட்ரோலும் அப்படித்தான். துடைத்த அன்று ஒன்றும் தெரியாது. வார்க்கும்போது உள்ளே அடைபட்ட இறுக்கம் எங்கே இருக்கிறதோ அங்கே, நாள் போகப்போக, சிலந்தி நூல் போன்ற விரிசல்கள் கிளம்பும். சோப்புத் தண்ணீர் போதும். பாலிகார்பனேட்டை ஒட்ட, புளித்த வாடை அடிக்கும் சிலிக்கான் பசையையும் தவிர்த்து, வாடையில்லாத நியூட்ரல் வகையைக் கேட்டு வாங்குங்கள்.

வார்ப்பவர்களுக்கு ஒன்று. ஐப்பசி மழையில் குருணை மூட்டை ஈரம் இழுத்திருக்கும். பாலிகார்பனேட்டை 120 டிகிரியில் மூன்று நான்கு மணி நேரம் உலர்த்தி, ஈரம் 0.02 சதவீதத்துக்குக் கீழே வந்த பிறகே வார்க்க வேண்டும். ஈரத்தோடு உருகினால் பிளாஸ்டிக்கின் நீண்ட சங்கிலிகள் அறுந்துவிடும். வார்த்த லென்ஸில் ஈரத்தால் வெள்ளிக்கோடு விழுந்தால் நல்லது, கழித்துவிடலாம். கோடே விழாமல், பார்க்கத் தெளிவாக, தட்டினால் அப்பளமாக நொறுங்கும் லென்ஸ்தான் ஆபத்து.

ஜன்னலில் கிடக்கும் அந்த லென்ஸுக்குப் பதிலாக அக்ரிலிக்கில் ஆறு வார்த்துக் கொடுத்தேன். இரண்டு, திருகுத் துளையிலேயே கீறிக்கொண்டு திரும்பி வந்தன. 30 செ.மீ. நீள அக்ரிலிக் 40 டிகிரி சூடேறினால் ஏறக்குறைய 0.8 மி.மீ. நீளும், அதைப் பிடித்திருக்கும் இரும்புத் தகடு அதில் ஆறில் ஒரு பங்குதான் நீளும். நான் துளையைத் திருகின் அளவுக்கே போட்டிருந்தேன். போதாததற்கு, ஆப்புபோல இறங்கும் கூம்புத்தலைத் திருகு. இப்போது ஒரு துளையை மட்டும் இறுக்கமாக விட்டு மற்றவற்றை நீள்வட்டமாக்கி, தட்டைத் தலைத் திருகும் ரப்பர் வாஷரும் கொடுக்கிறேன். கை ட்ரைவரால் முட்டும்வரை திருகினால் போதும் என்று பொருத்தும் பையனிடம் சொல்லி அனுப்பியிருக்கிறேன். அவன் கையில் பேட்டரி ட்ரைவர் இருக்கிறதா என்று அவ்வப்போது போய் எட்டிப் பார்த்துவிட்டும் வருகிறேன்.